இரண்டு பேருக்கு ஒரு பூட்டு

என் புருஷன் செத்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே சரக்கைத்தான் கொண்டுவந்தார்கள். கர்த்தர் உனக்குச் சமாதானம் தருவார் என்று சொல்லி, என் தலையில் கைவைத்து ஜெபித்து, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தியாவது அந்த டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுப் போகவில்லை. கழுவிக்கொண்டே நான் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னால் சபையில் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

அவர் செத்தது ரொட்டித் தொழிற்சாலையில். அங்கே மாவு பிசையும் மெஷின் ஒரு சின்ன அறை அளவு இருக்கும். காய்ந்து ஒட்டிய மாவைச் சுரண்டி எடுக்க உள்ளே ஆள் இறங்க வேண்டும். இறங்குகிறவன் முதலில் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. ஒரு பூட்டு தொங்கினாலும் சுவிட்ச் அசையாது. இதைவிட எளிதான சட்டம் உலகத்தில் இல்லை.

ஆனால் இறங்கிய இருவரில் ஒருவர் என் புருஷன், இன்னொருவன் என் தம்பி. மச்சானும் மாப்பிள்ளையுமாக ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். நமக்குள்ளே எதற்கு ரெண்டு பூட்டு என்று தம்பியின் பூட்டை மட்டும் மாட்டுவதை வழக்கமாக்கியிருந்தார்கள். முன்பின் தெரியாத இருவராக இருந்தால் ஒருவனை ஒருவன் நம்பாமல் ஆளுக்கொன்று மாட்டியிருப்பார்கள். பாசம் வந்து என் குடியைக் கெடுத்தது.

அன்று சுரண்டிய மாவைக் கொட்டிவிட்டு வரத் தம்பி வாளியோடு வெளியே போனான். உள்ளே புழுக்கம் தாங்காமல் இவர் தன் ஏப்ரனைக் கழற்றி வெளியே கொக்கியில் எறிந்திருக்கிறார். திரும்பி வந்த தம்பி ஏப்ரனைப் பார்த்தான். மச்சான் வேலை முடித்துக் கைகழுவப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் அடுத்த மாவுக்குக் கத்திக்கொண்டிருந்தார். தம்பி பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டான். மீதியை நான் சொல்ல மாட்டேன்.

விசாரணை நடந்தது. தம்பியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே பேக்கிங்கில் வேலை கொடுத்தார்கள். தம்பி வாயாடி என்பதால் முன்பெல்லாம் தொழிற்சாலை முழுக்க அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். அதன் பிறகு அவன் வாயிலிருந்து தேவைக்கு மேல் ஒரு சொல் வந்ததாக யாரும் சொல்லவில்லை. என்னிடம் அவன் பேசவே இல்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சமாதானம் எனக்கு வரத்தான் செய்தது. ஒரு காலையில் மகளின் பள்ளிச் சட்டையைப் பிழிந்துகொண்டு, வழக்கம்போல் மேலே பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டி முடிந்து மூச்சு வாங்கும்போது உள்ளே எல்லாம் அடங்கிப்போனது. நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனது போல இருந்தது. யாரோ என் பக்கத்தில் நின்றார், எதுவும் சொல்லாமல் நின்றார். அது பொய்யில்லை. அதை இன்றைக்கும் எந்த மேடையிலும் சொல்வேன்.

கிடைத்ததை நான் வைத்துக்கொண்ட விதம்தான் கோணல். தம்பியைப் பார்த்தால் அது உடைந்துவிடும் என்று பயந்தேன். அவன் வரும் தெருவை விட்டுச் சுற்றுவழியில் வேலைக்குப் போனேன். அவன் கடைசி வரிசையில் உட்காருவான் என்பதால் ஆராதனைக்கு முன்னாலேயே போய் முதல் பெஞ்சைப் பிடித்தேன். மகள் 'மாமா எங்கே' என்று கேட்டால் பேச்சை மாற்றினேன். ஊரும் சபையும் என்னை மெச்சின. என்ன ஒரு சமாதானம் பாருங்கள் என்றார்கள். எனக்கும் அது இனித்தது.

போதகர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எழுந்து நின்று, என் தம்பியை முழு மனதோடு மன்னித்துவிட்டேன், யார்மேலும் எனக்குப் பாரமில்லை என்று மைக்கில் சொன்னேன். சபை ஆமென் என்றது. அப்போதுதான் பல மாதங்களுக்குப் பிறகு கடைசி வரிசையைப் பார்த்தேன். அவன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தான். அதோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அப்புறம் ஒருநாள் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் பேக்கிங் பக்கம் வந்தார். சாமியும் கிடையாது, சபையும் கிடையாது அந்த மனிதருக்கு. பேச்சில் வழவழா கொழகொழாவும் கிடையாது. உங்கள் தம்பி பூட்டு மாட்டாமல் மெஷினுக்குள் இறங்குகிறார் என்றார். கேட்டால் தலையாட்டுகிறாராம், எலக்ட்ரீஷியன் அந்தப் பக்கம் திரும்பியதும் பூட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறாராம்.

"மேல சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. தூக்கினா வேற எங்கயாவது போய் விழுவாரு. யாராவது ஒருநாள் தெரியாம சுவிட்ச போடட்டும்னுதான் இறங்குறாரு. உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். புருஷனைப் பிடுங்கினான், இப்போது சமாதானத்தையும் பிடுங்க வந்துவிட்டான் என்று பொருமினேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி முழங்கால் போட்டேன். ஆண்டவரே, என் சமாதானத்தைக் காப்பாற்றும் என்று கேட்டேன். கண்ணை மூடினால் மெஷினுக்குள் குனிந்திருக்கும் அவன் முதுகுதான் தெரிந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது. நான் மன்னித்தது அவனை இல்லை, என் கண்ணில் படாத ஒருவனை. அந்தத் தரையிலேயே அது எனக்குப் புரிந்தது. அவன் செத்தாலும் கெடாத சமாதானம் ஒன்று எனக்கு இருந்தால், அதைத் தந்தது ஆண்டவராக இருக்க முடியாது.

மறுநாள் மதியம் மெஷின் கழுவும் நேரத்துக்கு எலக்ட்ரீஷியனிடம் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு போனேன். புருஷன் போன பிறகு அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை. புளித்த மாவு வாடை அடித்தது. தம்பி இறங்கக் காலைத் தூக்கியிருந்தான். என்னைக் கண்டதும் அப்படியே நின்றான். கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தான்.

உன் பூட்டை மாட்டு என்றேன். அவன் அசையவில்லை. நானே என் கையிலிருந்ததை மாட்டிப் பூட்டினேன்.

"சபையில உன்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்ல? அது பொய்டா."

அவன் தலையை ஆட்டினான். அவனுக்குத் தெரிந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரில் அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"இன்னும் முடியல. எப்ப முடியும்னும் தெரியல. ஆனா நீ சாகக் கூடாது. நீ செத்தா அதையும் நான்தான் சுமக்கணும். என்னால ஆகாது."

அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. தன் பூட்டையும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு சுரண்டுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினான்.

சாவி என் பாக்கெட்டில் இருந்தது. என் புருஷனின் உயிர் அவன் பாக்கெட்டில் இருந்தது போல அவன் உயிர் இப்போது என்னிடம். அவன் அதைத் தெரிந்தேதான் இறங்கியிருக்கிறான். நான் நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கணம் என் விரல் அந்தச் சாவியைத் தேடிப்போய் இறுகப் பிடித்தது. திறந்து சுவிட்சைப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு குரல் எனக்குள்ளேயே கேட்டது. அந்தக் குரல் என்னுடையதுதான். சாத்தான்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

பிடித்த கையை எடுக்காமலே ஜெபித்தேன். ஆண்டவரே, இவனை முழுசாக வெளியே கொண்டுவாரும். அவ்வளவுதான் சொல்ல வந்தது. என் புருஷனுக்காக நான் இப்படி நின்று கேட்டதில்லை. கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இவனுக்குக் கிடைத்தது. அந்த எண்ணம் வந்ததும் சுவிட்சுப் பெட்டியிலேயே சாய்ந்துவிட்டேன். அன்று துணி பிழியும்போது பக்கத்தில் வந்து நின்றவர் இங்கேயும் நின்றார். நெஞ்சு படபடத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் நின்றார்.

உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. நான் காத்திருந்தேன். மறுபடி தொடங்கவில்லை. இருட்டான அந்த வாய்க்குள் தலையை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, சின்ன வயதில் விளையாடப் போனவனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன்.

"டேய். இருக்கியாடா?"

நான் இரண்டு கையாலும் பூட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கேன்க்கா" என்றான்.