அளவுகோல் கிணறு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயத்திலிருந்து. நான் கதைக்காரி அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது, அது குடிக்க ஆகுமா என்று பார்த்து அறிக்கை எழுதுகிறவள். இன்று காலை பதினொரு மணிக்குள் என் அக்காவுக்கு ஒரு ஃபோன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கலாமே என உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: சுரங்கத்துக்கு வடக்கே ஒரு விவசாயியின் கிணற்றில்

(நிறுத்திவிட்டேன். விவசாயி என்று எழுதும்போது பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பொய் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.)

இரண்டாம் தொடக்கம்: அக்கா வீட்டுக் கிணறு சுரங்கத்திலிருந்து தள்ளி, மேட்டில் இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் அதைத்தான் அளவுகோலாக வைத்தேன். மற்ற இருபத்திரண்டு கிணறுகளின் உப்பையும் அந்தந்த வருடம் அதில் இருக்கும் உப்போடு ஒப்பிடுவேன். அதைவிடக் கூடினால்தான் அந்தத் தண்ணீர் நச்சு உலோகங்களுக்கான பெரிய சோதனைக்குப் போகும். இதுவரை ஒன்றுகூடப் போகவில்லை. எனக்குப் பெருமை வேறு.

ஊற்றிலும் குறையில்லை. மோட்டார் போட்டு இறைத்து நிறுத்தினால், இறங்கிய மட்டம் பழையபடி ஏற முதல் வருடம் மூன்று மணி நேரம் ஆனது. இந்த வருடம் நாற்பதே நிமிடம்.

"பாத்தியா, ஊரே காஞ்சாலும் எங்க கிணறு அசையாது" என்றாள் அக்கா. நானும் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3

இங்கே ஒரு பாத்திரம் வர வேண்டும். ஆய்வுக்கூடத்துப் பெண். ஒரு துளியையும் வீணாக்க மாட்டாள் என்பதால் நாங்கள் வைத்த பெயர் சொட்டு. (அவளை வில்லியாக்கப் பார்த்தேன். மசியவில்லை.) மிச்சமிருந்த அக்கா வீட்டுத் தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் பெரிய சோதனைக்குப் போட்டிருக்கிறாள். இன்று காலை தாளோடு வந்து நின்றாள்.

"ஏங்க, எல்லாக் கிணத்தையும் இதோட ஒப்பிட்டீங்க. இத எதோட ஒப்பிட்டீங்க?"

சிரித்துக்கொண்டேதான் தாளை வாங்கினேன். ஆர்செனிக், லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எண்பத்து நான்கு இருந்தது.

அந்த மேட்டுக்கு அடியில் ஓடும், கைவிட்ட பழைய சுரங்கப் பாதைகளில் நீர் இறைப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அவை நிரம்பி, அக்காவின் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருக்கின்றன. அத்தனை வேகமாக ஊறியது அதனால்தான். அளவுகோலின் உப்பே வருடாவருடம் ஏறிக்கொண்டிருந்தால் மற்ற கிணறுகள் அதை எப்படித் தாண்டும்? இருபத்திரண்டையும் இனி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

4

சுரங்கக்காரர்கள் மாற்று வீடு தருகிறோம் என்று வந்தபோது அக்கா என் அறிக்கையை எடுத்துக் காட்டினாள். "என் தங்கச்சியே பாத்துச் சொல்லியிருக்கா. அப்புறம் என்ன?"

அந்த வீட்டில் அவளுடைய மகள் இருக்கிறாள். அந்த மகளுக்கு ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. குழந்தைக்குப் பால் பவுடர்தான், மூன்று மணி நேரத்துக்கு ஒரு புட்டி.

(பக்கக் குறிப்பு: கொதிக்க வைத்தால் ஆர்செனிக் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும். அது தங்கிவிடும்.)

முடிவு ஒன்று: சொட்டு சாம்பிளை மாற்றி எடுத்துவிட்டாள். (அவளா? வாய்ப்பே இல்லை.)

முடிவு இரண்டு: அக்கா அழுதுவிட்டு என்னை மன்னிக்கிறாள். (எனக்கு வசதியான முடிவு. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.)

மணி இரண்டாகப் போகிறது. பதினொரு மணிப் புட்டியை நான் நிறுத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் 'காஞ்சாலும்' என்று எழுதுவதா, 'வறண்டாலும்' என்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னை என்ன செய்தால் தகும்?

5

ஃபோன் செய்துவிட்டேன்.

"ஏண்டி, உனக்கு நூறு ஆயுசு! இப்பதான் உன்னப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"அக்கா, அந்தத் தண்ணி..."

"இரு இரு, பாப்பா கத்துறா. பால் கலக்கிட்டு வந்துடறேன். நல்லாக் கொதிக்க வெச்சு ஆறவெச்ச தண்ணிதான், பயப்படாத."

ஃபோனை அடுப்படி மேடையில் வைத்துவிட்டாள். பவுடர் டப்பா திறக்கும் சத்தம் கேட்கிறது. தொண்டை கிழியக் கத்துகிறேன். குழந்தையின் அழுகையில் என் குரல் எடுபடவில்லை. ஒரு கையில் ஃபோன், மறு கையில் இந்தப் பேனா.

மூன்றாவது முடிவை நான் எழுத மாட்டேன். நீங்கள் அந்த அடுப்படியில்தானே நிற்கிறீர்கள்? இவ்வளவு நேரம் உங்களை அங்கேதான் கூட்டிவந்தேன். புட்டியைத் தட்டிவிடுங்கள்.