பாறைமேல் ஒரு நேர்காணல்

அந்த ஊரில் பாறைமேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். யார் பேசினாலும் பக்கத்தில் நாலு பேர் தங்கள் முறைக்காகக் குந்தியிருப்பார்கள். பேசுகிறவர் தடுமாறினால் எடுத்தும் கொடுப்பார்கள். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. கலைவாணியும் இன்று காலைவரை நினைத்ததில்லை.

வேலூரில் கல்லூரி முதல் வருஷம் படிக்கிறாள். விடுமுறைக்கு மலையேறி வந்த நேரம் பார்த்து, ஒரு கம்பெனி நடத்தும் பயிற்சிக்கு வீடியோ நேர்காணல் வைத்துவிட்டார்கள். வகுப்பில் ஒருத்தருக்குத்தான் இடம். கிடைத்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை.

திரையில் தெரிந்த மேடம், அவளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். கண்ணாடி முன் அத்தனை தடவை ஒப்பித்ததில் முதல் வரியே வரவில்லை.

பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த தீர்த்தகிரி சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து திரைக்குள் முகத்தை நீட்டி, பொண்ணு பத்தாவதில் முதல் மார்க் என்றார், சாமைக்குக் களையும் எடுப்பாள் என்றார். இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லை என்பதைச் செல்லம்மா பெரியம்மா சேர்த்துக்கொண்டாள்.

கூட வேலை செய்கிறவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டார்.

"அதெல்லாம் வம்புக்கே போவாதுங்க. வாயே தொறக்காத புள்ள," என்றார் சித்தப்பா.

கலைவாணிக்குச் சுருக்கென்றது. கல்லூரியிலும் அவளைப் பற்றி இதைத்தான் சொன்னார்கள். அங்கே அது குறை, இங்கே பெருமை. இரண்டு இடத்திலும் அவளைக் கேட்டுச் சொன்னவர் யாருமில்லை.

"சித்தப்பா, கேக்கறது என்னையா, உங்களையா? நீங்களே சொன்னா வேலையையும் உங்களுக்கே குடுத்துடப் போறாங்க. பெரியம்மா, நீயும் எழுந்து அந்தாண்ட போ. தப்பாச் சொன்னாலும் நான்தான் சொல்லணும்."

சொல்லி முடித்த பிறகுதான் போன் கையில் இருப்பது உறைத்தது. மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சுட்டது. இந்த இடம் போனால் போகட்டும் என்றிருந்தது. ஆனால் பேச்சு வந்துவிட்டிருந்தது.

கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். வகுப்பில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"ஒத்துப்போவலைன்னா நேராச் சொல்லிடுவேன் மேடம், இப்பச் சொன்ன மாதிரி. அப்புறம் இவங்ககூடத்தான் வூட்டுக்கும் போவேன்."

மேடம் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த சுற்றுக்குத் திங்கட்கிழமை வேலூர் அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னார். தனியாக, என்று அழுத்திச் சொன்னார்.

தள்ளிப் போய் நின்றிருந்த சித்தப்பா அங்கிருந்தே கேட்டார்: "திங்கக்கிழமைன்னா, நாம மொத பஸ்ஸுக்கே கெளம்பிடலாமா?"

கலைவாணி போனை அணைத்தாள். பெருமூச்சு விட்டுக்கொண்டு, தனியாக என்றால் என்னவென்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.