முதல் பஸ் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர்

"ஜூலை 8, செவ்வாய். ஒரு சிறு தவறு. தண்ணீர் மாதிரி பிடிக்கும் முன் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டேன்."

நாட்குறிப்பில் எழுதியதை வெண்மதி மறுபடி படித்தாள். 'சிறு' என்பதை அடித்தாள்.

மொரப்பூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அவள் ஆய்வக உதவியாளர்; மாலையில் தருமபுரிக்குப் போய்த் தண்ணீர்ப் பரிசோதனை படிக்கிறாள். பள்ளியின் பழைய பித்தளைக் குழாய்களில் காரீயம் கலக்கிறதோ என்று பெற்றோர் கேட்டபோது, மாதிரி பிடித்து அனுப்பியவள் அவளே. எல்லா வீட்டிலும் செய்வதுபோல முதலில் வந்ததைக் கீழே விட்டு, பாட்டிலை அலசி, பிறகு பிடித்தாள். 'காரீயம் இல்லை' என்று அறிக்கை வந்தது. தலைமையாசிரியர் மாதையன் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்.

இன்று மாலை வகுப்பில் ஆசிரியை எழிலரசி சொன்னார்: "காரீயம் பாக்கணும்னா ராத்திரி பூரா குழாய்ல நின்ன தண்ணி வேணும். தொறந்ததும் வர்றதப் புடிக்கணும். ஓடவுட்டா அதெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிடும். புள்ளைங்க மூளையக் கெடுக்கிற வெஷம்மா அது."

சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று வெண்மதி இரண்டு முறை கேட்டாள்.

மறுநாள் முதல் பஸ் வரும் நேரத்துக்கே பள்ளிக்குப் போனாள். இறங்கிய வேகத்தில் ஆறாம் வகுப்பு தேன்மொழி குழாயில் வாயை வைத்தாள்.

"கண்ணு, கொஞ்சம் ஓடவுட்டுக் குடிக்கக் கூடாதா?"

"ஐயோ, மொத தண்ணிதாங்க்கா ஜில்லுனு இருக்கும். அடுத்த பஸ்ல வர்றவங்களுக்குச் சுடுதண்ணிதான்!" என்று சிரித்தாள் தேன்மொழி.

வெண்மதி நேரே மாதையனிடம் போனாள்.

"சார், அந்த ரிப்போர்ட் தப்புங்க."

"நீதான புடிச்ச? இப்ப நீயே தப்புங்கற. மறுபடி எடுத்து ஏதாச்சும் வந்துதுன்னா, புள்ளைங்கள டி.சி. வாங்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நீயும் நானும் பஸ் ஸ்டாண்டுல கடல விக்கலாமா?"

"மொத பஸ் புள்ளைங்க குடிக்கிற தண்ணிய நான் சாக்கடைல உட்டுட்டேன் சார். அவங்க குடிக்காததத்தான் டெஸ்டுக்கு அனுப்பினேன்."

மாதையன் தனக்குக் குடிக்க வாங்கிவைத்த தண்ணீர்க் கேன் அறை மூலையில் இருந்தது. வெளியே பிள்ளைகள் குழாயடியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கேனையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு அவர் எழுந்தார்.

"இந்தக் கேனை வெளிய வை. இன்னும் நாலு கேன் சொல்லிவுடு. குழாய்ங்களத் துணி போட்டுக் கட்டு." வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார்: "ஸ்கூல் பேரக் காப்பாத்தற ரிப்போர்ட்டு புள்ளைங்கள காப்பாத்தாதும்மா. நான் பேருக்குத்தான் பயந்தேன்."

பலகையிலிருந்த தாளை அவரே கிழித்தார்.

"ஜூலை 9, புதன். நாளை காலை ஆறரைக்கு, முதல் பஸ்ஸுக்கு முன் பள்ளிக்குப் போக வேண்டும். நான்கு குழாயிலும் துணியை அவிழ்த்து, திறந்ததும் வரும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டும் கீழே விடக் கூடாது."