தண்ணீர் நிற்கிற தரை

காண்ட்ராக்டர் மூன்றாவது தடவையாக வந்து நின்றபோதும் நான் கேட்டைத் திறக்கவில்லை. பூட்டைப் போட்டுவிட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசினேன். பேசினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வந்து பாத்துட்டுப் போயிடறேங்க்கா."

"யாருக்கு யாரு அக்கா? என் கூடப் பொறந்தவன் எவனும் என் வீட்டுக்குள்ள குளம் வெட்டல."

"தண்ணி லேசா நிக்கத்தாங்க்கா செய்யும். ஒரு வைப்பர் வாங்கி வச்சுத் தள்ளி விட்டுட்டா..."

"ஒரு பக்கம் கையும் காலும் வராத மனுஷன் வைப்பர் தள்ளுவாரா? இல்ல, நீ தினம் காலையில வந்து தள்ளி விட்டுட்டுப் போறியா?"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டுமே. நான் இருபத்தாறு வருஷம் தையல் ஆலையில் லைன் சூப்பர்வைசர். அறுபது மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது. ஒரு காலர் ஒரு நூல் கோணலாக இருந்தாலும் "பிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவேன். அப்பேர்ப்பட்டவள் வீட்டிலேயே ஒருத்தன் கோணல் வேலை செய்துவிட்டு வைப்பர் வாங்கச் சொல்கிறான் என்றால் என் வயிறு எரியுமா எரியாதா?

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. வலது பக்கம் முழுசாகப் போய்விட்டது. பேச்சு நிதானமாக வரும், இடது கை வேலை செய்யும், சக்கர நாற்காலியில் வீட்டுக்குள் தானே போய் வருவார். குளியல் மட்டும் என் கையில். பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் குளிப்பாட்டுவேன். முதல் சொம்பு தலையில் விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். துடைத்து முடிக்கிற வரைக்கும் திறக்கமாட்டார். சோப்பு எரிகிறதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் சோப்பே போடாமல் வெறும் தண்ணீர் ஊற்றினேன். அன்றைக்கும் கண்ணைத் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், படுக்கையறையை ஒட்டி அவருக்கென்று ஒரு குளியலறை. நாற்காலி தடுக்காமல் போக, வாசலில் படி கிடையாது. அகலமான கதவு. தானே உள்ளே போய், தானே குளித்து, தானே வெளியே வரவேண்டும். லைசென்ஸ் இருக்கிற காண்ட்ராக்டராகத் தேடிப் பிடித்தேன். முத்திரை குத்திய லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தான். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

கட்டி முடித்த முதல் நாளே தண்ணீர் மூலையில் இருக்கிற வடிகால் ஜாலிப் பக்கம் போகாமல் அறை நடுவிலேயே நின்றது. அப்புறம் படியில்லாத வாசல் வழியாக மெதுவாக வந்து கட்டிலுக்கு அடியில் போயிற்று. நாற்காலிச் சக்கரம் ஈரத்தில் வழுக்கியது. கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்வார்களே, தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அது அந்தத் தரையில் மருந்துக்கும் இல்லை. மறுபடியும் பின்கட்டு, மறுபடியும் பிளாஸ்டிக் நாற்காலி. இப்படியே நாலு மாசம்.

அந்த நாலு மாசமும் நான் அவனுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வரேங்க்கா" என்பான். நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு. என் போனில் அவன் பேரையே 'நாளைக்கு' என்று மாற்றி வைத்தேன். கடைசியில் லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டேன். அதன்பிறகுதான் அந்தத் துரைக்கு எங்கள் தெரு தெரிந்தது. அதற்குள் எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அதனால் கேட்டைப் பூட்டினேன்.

மூன்றாவது தடவை துரத்தியடித்த மறுநாள் அலுவலகத்திலிருந்து போன். பேசியது ஒரு பெண் இன்ஸ்பெக்டர்.

"அம்மா, செஞ்ச வேலையைச் சரி பண்ண காண்ட்ராக்டருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கணும். நீங்க உள்ளயே விடலைன்னா உங்க புகாரை மூடிடுவோம்."

"திருடனுக்கே சாவியைக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"நானும் கூட வரேன். வியாழக்கிழமை பத்து மணி."

வியாழக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு என் அண்ணன் மகள் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேண்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் போனாள். அவன் பின்னாலேயே பூனை மாதிரி வந்தான். படுக்கையறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றான். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அக்காவும் இல்ல, மாமாவும் இல்ல. வந்த வேலையைப் பாரு" என்றேன்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தாள். அது அசையவில்லை. நாலு இடத்தில் வைத்தாள், நாலு இடத்திலும் வைத்த இடத்திலேயே நின்றது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் பரந்து, யோசித்து, வாசலைத் தாண்டி எங்கள் படுக்கையறைக்குள் வந்தது.

"பார்த்தீங்களா? லேசாத்தான் நிக்கும்னு சாதிச்சானே!"

அவள் மூலையில் தண்ணீர் போகிற துளைக்கு மேலே இருந்த ஜாலியைத் தூக்கி, டார்ச் அடித்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அவனைக் கூப்பிட்டாள்.

"இங்க ரெண்டு கலவை தெரியுது. அடியில போட்டது துளையைப் பார்த்துச் சரியாத்தான் சரிஞ்சு வருது. அதுக்கு மேல இன்னொரு கலவை போட்டு நிரவியிருக்கீங்க. ஏன்?"

"தெரியலைங்க மேடம். கொத்தனார் ஏதோ தப்பா..."

"போடு, கொத்தனார் தலையில போடு! ஊருக்கு இளைச்சவன் அவன்தானே!" என்றேன்.

"அம்மா, கொஞ்சம் இருங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "தப்பா போடறவங்க ஒரு தடவை தப்பா போடுவாங்க. சரியா போட்டு முடிச்சிட்டு, கைச் சிமெண்டைச் செலவழிச்சு அதுக்கு மேல யாராவது தப்பா போடுவாங்களா? காரணம் என்ன?"

அவன் கால் விரலால் ஈரத்தைத் தேய்த்தான்.

"லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. கொத்தனார் செஞ்சாலும் நீங்க செஞ்சதுதான். காரணம் சொல்லலைன்னா வேலை தெரியாதவர்னு எழுதிட்டுப் போயிடுவேன். லைசென்ஸை நிறுத்தி வைப்பாங்க."

எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்வானேன்? நாலு மாசமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். அவன் ஒரு தடவை படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "எழுதிக்குங்க மேடம்" என்றான்.

அவள் பேனாவைத் திறந்தாள்.

"எழுதாதீங்க."

குரல் படுக்கையறையிலிருந்து வந்தது. இவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார். சக்கரம் ஈரத்தில் நின்றது.

"நான்தான் நிரவச் சொன்னேன்."

"என்னங்க உளர்றீங்க?" என்றேன்.

"உளறலை." ஒவ்வொரு சொல்லாகத்தான் அவருக்கு வரும். "நீ வேலைக்குப் போயிருந்தே. கலவை காஞ்சிருந்துச்சு. கொத்தனார், ஐயா ஒரு தடவை ஓட்டிப் பாருங்கன்னாரு. உள்ள போனேன். சரிவுல வண்டி தானா உருண்டுச்சு. வலது பக்கம் பிரேக் போட முடியலை. போய்ச் சுவர்ல இடிச்சேன். கொத்தனார் பிடிக்கலைன்னா கீழ விழுந்திருப்பேன்."

போன மார்ச்சில் அவருடைய வலது முழங்காலில் ஒரு சிராய்ப்பு இருந்தது. கேட்டதற்குக் கட்டில் கால் இடித்தது என்றார். நான் கட்டில் காலுக்குத் துணி சுற்றி வைத்தேன்.

"சமமா போட்டுட்டா உருளாதுன்னு நினைச்சேன்" என்றார். "தண்ணி நிக்கும்னு தோணலை."

"இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா, நீங்க தனியா உள்ள போகவே வேணாம், நானே குளிப்பாட்டறேன்னு சொல்லியிருப்பே."

சொல்லியிருப்பேன். அந்த நிமிஷமே, அந்த வார்த்தையிலேயே சொல்லியிருப்பேன். அது எனக்கே தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டாமா? காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினேன்.

"உனக்கும் இது தெரியுமா?"

"டைல்ஸ் ஒட்டினப்புறம்தான் கொத்தனார் சொன்னாரு. பேத்துடலாம் மாமான்னேன். அக்காகிட்ட சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு." அதுவரைக்கும் பம்மிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அவன் குரலும் ஏறியது. "நாலு மாசமா போன்ல திட்டி, இப்ப தெருவுல நிக்க வச்சு, திருடன், பிராடுன்னு கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கத்துனீங்களே, நானும் பெண்டாட்டி புள்ளையோட இருக்கறவன்தாங்க்கா! போனை எடுத்தா ஒரு வார்த்தை பேச விட்டீங்களா? நாளைக்கு வரேன்னு சொல்றதைத் தவிர நான் வேற என்னத்தைச் சொல்றது?"

"ஆகா, அதனால நீ பெரிய தியாகியா?"

"அவர் தியாகியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் இன்ஸ்பெக்டர். இப்போது அவளுக்கும் கோபம்தான். "வீட்டுக்காரர் கேட்டார்னு குளியலறைத் தரையைச் சமமா விடறதுக்கு லைசென்ஸ் எதுக்குய்யா? இப்படிப் போட முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் லைசென்ஸே. சுவர்ல உட்கார மடக்குப் பலகை ஒண்ணு அடிச்சு, பிடிச்சுக்க ஒரு கம்பி வச்சிருந்தா, அவர் வண்டியை உள்ள நுழைஞ்சதுமே பிரேக் போட்டு நிறுத்திட்டு மாறி உட்கார்ந்திருப்பார். இது தோணலையா உங்களுக்கு? கையைப் பிடிச்சாராம், விட்டுட்டாராம்! பத்து நாள் தரேன். பேத்துட்டு ஒழுங்கா போடுங்க, பலகையும் கம்பியும் வைங்க. இல்லைன்னா லைசென்ஸ் போயிடும்."

அவன் தலையாட்டினான். நான் விடவில்லை. இன்னும் ஒரு மூச்சுக் கோபம் மிச்சம் இருந்தது, அது இவருக்கு.

"நாலு மாசம்! நான் அவனைத் தாளிச்சுக் கொட்டறதைக் கேட்டுக்கிட்டே இந்த அறையில உட்கார்ந்திருந்தீங்களே! அவனை ஏன் திட்டறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? பாவம்னாவது தோணிச்சா?"

"தோணிச்சு."

"அப்புறம்?"

இவர் இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கத்தினா அவன் வீட்டுக்குப் போயிடுவான்" என்றார். "என்கிட்ட கத்தினா நான் எங்க போறது?"

இன்ஸ்பெக்டர் ஜாலியைத் திரும்ப வைக்கக் குனிந்தாள். காண்ட்ராக்டர் ஈரத்தில் கிடந்த கோலிக்குண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு என் தொண்டையைக் கண்டு பயம் என்று இரண்டு அந்நியர்கள் முன்னால் தெரிந்துகொண்டேன். அழுகை வந்தது. அழவில்லை. கோபமும் முழுசாகப் போகவில்லை, அதுதான் கூத்து.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று காண்ட்ராக்டரைக் கேட்டேன். 'ங்க' தானாக வந்துவிட்டது.

"எட்டு மணிக்கு வந்துடறேங்க்கா."

வந்தான். கொத்தனாரையும் கையோடு இழுத்து வந்தான். இரண்டு நாள் வீடு பூரா தூசி. தரையைப் பேர்த்து, மேல் கலவையைக் கொத்தி எடுத்து, வாட்டம் பார்த்துப் புதிதாகப் போட்டார்கள். நான் குற்றம் கண்டுபிடிக்கத்தான் நின்றேன், இரண்டு கண்டுபிடித்தேன், இரண்டையும் திருத்தினான். எங்களுக்குள் ஒன்றும் இனித்துவிடவில்லை. நான் கொடுத்த காப்பியை அவன் கேட்டுக்கு வெளியே போய் நின்றுதான் குடித்தான்.

நாலாம் நாள் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, எந்தச் சுவர்ல அடிக்கறது? எவ்வளவு உயரத்துல?"

ஜன்னல் சுவரில், ஒன்றரை அடி உயரத்தில். காரணம் ஒன்பது இருந்தது என்னிடம். வாயைத் திறந்தேன். மூடினேன்.

"என்னை ஏன் கேக்கறீங்க? குளிக்கப் போறவரைக் கேளுங்க."

இவர் என்னைப் பார்த்தார், அப்புறம் அவனைப் பார்த்தார். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றார்.

"நல்லா யோசிங்க மாமா."

யோசித்தார், யோசித்தார், காப்பி ஆறிப்போகிற வரைக்கும் யோசித்தார். கடைசியில் கதவுப் பக்கச் சுவரைக் காட்டினார். சுத்தத் தப்பு. துண்டு எட்டாது, குழாய் தூரம். நான் சமையலறைக்குப் போய், அவசியமில்லாத ஒரு குக்கரைத் தேய்த்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஏதோ கீழே விழுந்தது. "என்னாச்சு?" என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நாற்பது நிமிஷம். ஒரு சொட்டுத் தண்ணீர் இந்தப் பக்கம் வரவில்லை.

கதவு திறந்தது. நாற்காலியில் வந்தார், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப்போய், முகமெல்லாம் சிவந்து. "முடிஞ்சிடுச்சு" என்றார். வலது காதுக்குப் பின்னால் சோப்பு நுரை அப்படியே இருந்தது. பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் டிபன் எடுத்து வைக்கப் போனேன்.