ராக்கப்பன் சிந்திய ரத்தம்

கடமலைக்குண்டு முனீஸ்வரி நாற்பத்திரண்டு வயதில் நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்ததை ஊரே மன்னித்துவிட்டது, கணவரின் அண்ணன் ராக்கப்பனைத் தவிர. "களை வெட்டுற கை, ஊசி பிடிக்கப் போகுதாக்கும்!" என்பார்.

செய்முறைத் தேர்வில் ரத்தம் எடுத்துக் காட்ட உறவினர் ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். தவறினால் ஒரு வருடப் படிப்பு வீண். கணவருக்கோ அன்று தக்காளிப் பறிப்பு.

"நான் வாரேன். அருவா வெட்டு வாங்குன ஒடம்பு இது" என்று கிளம்பினார் ராக்கப்பன். தேங்காய் உடைக்கும்போது தானே போட்டுக்கொண்ட வெட்டு அது.

தேனியில், தேர்வு அறையில், அவள் ஊசியின் மூடியைத்தான் கழற்றினாள். முறுக்கிய மீசை அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தது. முனீஸ்வரி பதறாமல் அவரைத் தரையில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, நாடி பார்த்தாள்.

கண் விழித்தவர், "முடிஞ்சுதாத்தா?" என்றார்.

"இனிமேத்தான் மச்சான். எடுக்கட்டா?"

தேர்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ராக்கப்பன், "எடுத்துத் தொலை" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரே குத்தில் எடுத்தாள். தேர்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார்.

மறுவாரம் பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் எழுந்தது. கறுப்புக் கண்ணாடியோடு ஆளுயர ராக்கப்பன். மூலையில் தபால்தலை அளவில் முனீஸ்வரி. 'தம்பி மனைவியின் வெற்றிக்கு ரத்தம் சிந்திய தியாகச் செம்மலே!'

"எப்படித்தா இருக்கு?"

"பொருத்தமா இருக்கு மச்சான். ஒங்க ரத்தத்த சோதிச்சதுல சக்கரை இருக்காம். இனி மாசாமாசம் சிந்தணும்."

தியாகச் செம்மல் பிளெக்ஸ் கம்பைப் பிடித்தபடி மெல்லக் கீழே உட்கார்ந்தார்.