நாலு பேர் டிஸ்க்கில்

இப்போதெல்லாம் ஒருத்தனும் மண்டையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்பது வீரய்யாவின் தீராத எரிச்சல். பெத்த பிள்ளையின் பிறந்தநாளைக் கேட்டால்கூடப் போனைத் தடவிவிட்டுத்தான் சொல்கிறான்கள்.

மழையில் தோட்டத் தொழிலாளர் லயத்துச் சுவர் வெடித்து, அவர் வீட்டு ஏழு பேரும் பத்து நாளாகப் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடக்கிறார்கள். புது வீட்டுப் பட்டியலில் பெயர் சேர இன்றே கடைசி நாள். டவுன் ஆபீஸை மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குத்தான் நோட்டன் பிரிட்ஜில், பிரதாப்பின் கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பம் அடிக்க வந்து உட்கார்ந்திருந்தார்.

நாலாவது பெயர் முடிந்ததும் பிரதாப் எதையோ அழுத்தினான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னடா, தூங்குதா?"

"சேவ் பண்றேன் தாத்தா. பழைய ஹார்ட் டிஸ்க், மெதுவாத்தான் எழுதும்."

"அது எழுதி முடிக்கிற வரைக்கும் பஸ் நிக்குமா? இனிமே அதைத் தொடாத. சொல்றத அடி."

வட்டம் மறைந்த பிறகு பிரதாப் சேவைத் தொடவில்லை. மிச்சப் பெயர்களும் பிறந்த திகதிகளும் மளமளவென்று ஏறின. அச்செடுக்கப் போகையில் கரண்டு போனது.

எதிரே அணைக்கட்டில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் இங்கிருந்துதான் கரண்டு போகிறது, இங்கே இல்லை.

"போச்சு தாத்தா."

"எங்க போச்சு? இப்பத்தானே உள்ள போட்ட?"

"அது ரேம்ல இருந்திச்சு. ரேம் படு வேகம், ஆனா கரண்டு போனா எல்லாம் மறந்துரும். டிஸ்க் மறக்காது, ஆனா ஆமை. ரெண்டும் இருந்தாத்தான் வேலை ஓடும்."

"ஓடுறவனுக்கு ஞாபகம் இல்ல, ஞாபகம் உள்ளவனுக்குக் காலு இல்ல. இந்த லட்சணத்துல கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பூ வேற போட்டு வச்சிருக்க!"

"நீங்கதானே சேவ் பண்ண வேணாம்னீங்க?"

"நான் என்ன படிச்சவனா? படிச்ச நீ என் பேச்சைக் கேட்டியே, உன்னைச் சொல்லணும். பேனாவ எடு."

ஏழு பெயரையும் ஏழு திகதியையும் ஒன்று பிசகாமல் சொன்னார். பிரதாப் கோடு போட்ட தாளில் எழுதினான். அதை மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு அவர் ரோட்டில் இறங்கவும் கரண்டு வந்தது.

"தாத்தா! நாலு பேரு டிஸ்க்ல பத்திரமா இருக்காங்க! மிச்சத்த அஞ்சே நிமிசத்துல அடிச்சுத் தர்றேன், அச்சடிச்சுக் குடுத்தாத்தான் மதிப்பாங்க!"

வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. வீரய்யா திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

"மிச்ச மூணு பேரு எங்கடா படுக்கிறது? உன் ரேமுக்குள்ளயா?"

சட்டைக்குள் இருந்த தாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, பஸ்ஸை நோக்கி நடந்தார்.