திரை இருந்தால் டிவியா?

சுங்க அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் திருப்புளி. வெளிநாட்டிலிருந்து வரும் மின்னணுக் கருவி எந்த இனத்தில் சேரும், அதற்கு எவ்வளவு தீர்வை என்று முடிவு செய்யும் பிரிவில் ஆறு பேர் இருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் படத்தைப் பார்த்து எழுதினார்கள். அதற்கும் சோம்பலாக இருந்தால் பக்கத்து மேசைக்காரர் முகத்தைப் பார்த்து எழுதினார்கள். அவர்களை அவள் ஆள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பிரிவுத் தலைவருக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் முத்திரை. பதினோரு வருடமாக அவர் அந்த அறையில் திறந்த ஒரே பெட்டி அவருடைய சாப்பாட்டுப் பெட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்காரர் அவள் வீட்டுக்கு வந்தார். அத்தான் முதலில் விசிட்டிங் கார்டு அடிப்பார், பிறகுதான் என்ன விற்பது என்று யோசிப்பார். பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் வடிகட்டி, முதுகு தேய்க்கும் இயந்திரம் என்று எல்லாவற்றிலும் கையைச் சுட்டுக்கொண்டவர். இந்த முறை கார்டில் "கட்டுப்பாட்டுக் கருவிகள்" என்று இருந்தது.

"நம்ம சரக்கு உன் செக்ஷனுக்குத்தான் வருதாம். கொஞ்சம் பார்த்துக்கோ, என்ன?"

"பார்க்கறதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன். என்ன பெட்டி அத்தான் அது?"

"கோழிப்பண்ணைக்கு. இருநூறு பீஸ். ஃபாரின் மால்."

"அது என்ன வேலை செய்யும்னு கேட்டேன்."

"எல்லாம் செய்யும்."

அவர் கிளம்பிய பிறகு பார்த்தால் சோபாவில் ஒரு கைக்கடிகாரம், டப்பாவோடு. அவள் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை வரை ஓடி, கார் ஜன்னல் வழியாக அதை அவர் மடியில் போட்டுவிட்டு வந்தாள். "மச்சினிக்கு ஒரு அத்தான் வாங்கித் தரக்கூடாதா?" என்று அவர் கேட்டது பின்னால் கேட்டது. அவள் திரும்பவில்லை.

இரண்டு நாளில் கோப்பு அவள் மேசைக்கே வந்தது. அவள் அதோடு இருந்த, பெட்டியின் விளக்கப் புத்தகத்தைப் புரட்டினாள். இப்படிப்பட்ட பெட்டியிடம் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். எதையாவது அளக்கிறதா? அளந்ததை நாம் வைத்த அளவோடு ஒப்பிடுகிறதா? வித்தியாசம் வந்தால் தானே எதையாவது ஓட்டியோ நிறுத்தியோ சரிசெய்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது தானியங்கிச் சீராக்கி, தீர்வை குறைவு. படம் காட்டும் வெறும் திரை என்றால் அதைப்போல நான்கு மடங்கு.

புத்தகத்தின்படி அத்தானின் பெட்டி கொட்டகையின் வெப்பத்தை அளந்து, ஒப்பிட்டு, விசிறியை ஓட்டியது. குறைந்த தீர்வைதான், சந்தேகமே இல்லை. அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. சட்டப்படி தன் சட்டைப் பையிலேயே கிடக்கும் ஒன்றைத் திருடுவதற்கு இந்த மனிதர் ஆள் பிடிக்க வந்திருந்தார்!

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. "இறக்குமதியாளர் என் அக்காவின் கணவர். கோப்பை வேறொருவரிடம் தரவும்" என்று எழுதி, முத்திரையின் முன் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நேர்மையா? ரொம்ப நல்லதுமா. நானே பார்த்துடறேன்." படத்தைப் பார்த்தார். "திரை இருக்கு."

"சார், அது வெப்பத்தைக் காட்டற..."

"சொந்தக்காரி பேசக்கூடாது. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

டப்பென்று குத்தினார். கோழிக்கொட்டகைக்கு வந்த இருநூறு பெட்டிகளும் அந்த நொடியில் டிவியாகிவிட்டன.

முதல் இரண்டு நாள் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தானுக்கு வேண்டும். மூன்றாம் நாள் அது கசந்தது. தப்பான எண் ஒன்று கோப்பில் உட்கார்ந்திருப்பது பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்டது மாதிரி அவளைத் தொல்லை செய்தது. இனிமேல் இப்படிப் பெட்டி கொண்டுவருகிற யாருக்கும் இதையே காட்டித் தலையில் கட்டுவார்கள். முட்டாள்தனத்துக்கு இந்த அலுவலகத்தில் வாரிசு இல்லாமல் போனதே இல்லை.

அத்தான் புலம்பிக்கொண்டு வந்தபோது, நாலு பேர் கேட்கும்படி கவுன்டரில் நின்றே சொன்னாள். "சுவர்ல அறிவிப்பு ஒட்டியிருக்கு, பாருங்க. மறுபரிசீலனைக்கு மனு போடலாம். பெட்டியைத் திறந்து சோதிக்கணும்னு எழுதுங்க. யார் வேணும்னாலும் கேட்கலாம்."

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "அது சரி. அங்க யாரைப் பார்க்கணும்? என்ன எதிர்பார்ப்பாங்க?"

"மனு எதிர்பார்ப்பாங்க" என்றாள் அவள்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மறுபரிசீலனை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை. நீள மேசையில் ஒரு பெட்டியை வைக்கச் சொன்னார்.

"இது எதை அளக்குது?" என்று அத்தானைக் கேட்டார்.

"சார், இது ரொம்பத் தரமான பெட்டி சார். ஒரு கம்ப்ளெயின்ட் வராது."

அதிகாரி முத்திரையின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"திரை இருக்கு சார்."

"உங்க கையில கட்டியிருக்கற வாட்ச்லயும் திரை இருக்கு. அதுவும் டிவியா?"

முத்திரை தன் மணிக்கட்டை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"இதைத் திறக்கத் தெரிஞ்சவங்க யாராவது இந்த அறையில இருக்காங்களா?"

ஐந்து தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் எழுந்து, "நான் உறவுக்காரி சார். கோப்புல எழுதியிருக்கேன்" என்றாள்.

"படிச்சேன். முடிவு நான் எடுக்கறேன். நீங்க திறந்து மட்டும் காட்டுங்க. வாயால எதுவும் சொல்ல வேண்டாம்."

அவள் நான்கு திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளிருந்து நீண்ட கறுப்பு ஒயரின் நுனியில் அரிசி பருமனுக்கு ஒரு உலோகக் குமிழ் இருந்தது. மின்சாரம் கொடுத்தாள். மூலையில் கிடந்த மேசை விசிறியை எடுத்து, வெளியே போகும் ஒயரில் இணைத்தாள். முப்பத்திரண்டு என்று அளவு வைத்துவிட்டு, அதிகாரிக்கு வந்திருந்த தேநீர்க் குவளையின் பக்கவாட்டில் குமிழை ஒட்டிப் பிடித்தாள்.

திரையில் இருபத்தெட்டு, முப்பது என்று எண் ஏறியது. முப்பத்திரண்டைத் தாண்டியதும் பெட்டிக்குள் 'டிக்' என்றது. விசிறி சுற்ற ஆரம்பித்து, முத்திரையின் முன்னாலிருந்த காகிதங்களை அள்ளித் தரையில் போட்டது. அவள் குமிழைக் குவளையிலிருந்து எடுத்தாள். சற்று நேரத்தில் மறுபடியும் 'டிக்'. விசிறி ஓய்ந்தது.

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். தானியங்கிச் சீராக்கி. இனி இந்த வகைக்கெல்லாம் இதுவே முன்மாதிரி. திறந்து பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது. எழுதி முடித்து, ஆறிய தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

தாழ்வாரத்தில் அத்தான் ஊரே கேட்கும்படி ஆரம்பித்தார். "நம்ம மச்சினி இருக்கறப்ப நமக்கென்ன கவலை? ஆளே வேற!"

"அத்தான், நான் உங்களுக்காக ஒண்ணும் செய்யல. அது சட்டம். உங்களைப் பிடிக்காதவங்க பார்த்திருந்தாலும் இதுதான் முடிவு. சொல்லப்போனா, பிடிக்காதவதான் பார்த்திருக்கேன்."

அவர் பக்கத்திலிருந்த, சரக்கை விடுவித்துத் தரும் ஏஜென்டைப் பார்த்துக் கண்ணடித்தார். "பார்த்தீங்களா? வெளியில அப்படித்தான் சொல்லணும்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தனக்கு நியாயமாகக் கிடைத்த ஒன்றை நியாயமாகக் கிடைத்தது என்று நம்பக்கூட இந்த ஆளுக்குத் துப்பில்லை. மாலையில் அக்கா போன் செய்தாள்.

"என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவ இல்லையா? விட்டுக் குடுப்பியா?"

"அக்கா, நான் எதுவுமே செய்யல. பெட்டி தானா வேலை செஞ்சுது."

"சரி சரி, புரியுது. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவள் போனை வைத்தாள்.

மூச்சு விடாத அக்காவும் கண்ணடித்த அத்தானும் சேர்ந்து செய்த வேலை அடுத்த மாதமே பலித்தது. அவள் அத்தானுக்குச் சலுகை செய்தாள் என்று கையெழுத்தில்லாத புகார்க் கடிதம் ஒன்று மேலிடத்துக்குப் போயிற்று. விசாரணையில் அவளுடைய விலகல் குறிப்பையும் மறுபரிசீலனை அதிகாரியின் வாக்குமூலத்தையும் பார்த்துக் குற்றமில்லை என்று எழுதினார்கள். எழுதிவிட்டு, "தங்கள் நலன் கருதி" அவளைப் பெட்டிகள் பிரிவிலிருந்து மாற்றி, முன்வாசல் கவுன்டரில் விண்ணப்பம் வாங்க உட்கார வைத்தார்கள். முத்திரை வழியனுப்பும்போது பூங்கொத்து கொடுத்தார். அவள் அதை அவர் கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் செருகினாள்.

கவுன்டருக்கு வந்த இரண்டாவது வாரம், காளான் வளர்க்கும் ஒரு பெண் வரிசையில் நின்றாள். ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் பெட்டிகள் பத்து இறக்கியிருந்தாள். உள்ளே போன காகிதம் சரியான எண்ணோடு பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. முன்மாதிரி உத்தரவைப் பார்த்து அப்படியே நகலெடுத்திருந்தார்கள். யோசிக்கிற சிரமம் அவர்களுக்கு மிச்சம்.

அந்தப் பெண் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "ஒரு நம்பர் போடறதுக்குப் பத்து நிமிஷமா? நல்ல ஆபீஸ் நடத்தறீங்க!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் நடந்தாள்.

சரியான எண்ணை யாருடைய தயவாகவும் நினைக்காத அந்தப் பெண்ணை அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.